நாற்பத்தொரு இடங்களில்

கட்டுரை வெளியான அன்று காலை, அதில் என் பெயரைத் தேடினேன். தேடும் கட்டத்தில் பெயரைத் தட்டியதும், நாற்பத்தொரு இடங்களில் இருப்பதாகக் கணினி சொன்னது. உடம்பு சிலிர்த்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் நிலவில் இருக்கும் ஒரு குழியின் பெயர். தலைப்பில் குழி, சுருக்கத்தில் குழி, படங்களுக்குக் கீழே குழி. எழுதியவர்கள் வரியில் சாரின் பெயரும் அக்காவின் பெயரும் மட்டும் இருந்தன. கடைசிப் பக்கத்து நன்றி வரியில்கூட நான் இல்லை. படங்களை அனுப்பிய செயற்கைக்கோளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஆய்வகம் நிலவின் படங்களைப் பார்க்கும் இடம். ஐந்து பேர், ஆறு கணினிகள், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு ஏசி. சார் தலைவர். அடுத்த இடம் அக்காவுக்கு. அவர் எனக்கு உறவில்லை. நான் சேர்ந்த முதல் நாளே, "மேடம் கீடம்னு கூப்பிட்டே, அடிதான். அக்கான்னு கூப்பிடு" என்றார். நான் தற்காலிக உதவியாளர். நாலு பேர் நடுவில் என்னைக் கேள்வி கேட்டால் காது சூடாகிவிடும், பதில் வராது. "வாயில்லாப் பூச்சி" என்று அக்கா சொன்னது சுருங்கி, ஆய்வகம் முழுக்க நான் பூச்சி ஆனேன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

என் வேலை எண்ணுவது. நிலவில் காற்றோ மழையோ இல்லை. விழுந்த தடம் அப்படியே இருக்கும். பெரிய பாறை ஒன்று மோதிக் குழி விழும்போது, சிதறிய மண் சுற்றிலும் போர்வை மாதிரி படிந்துவிடும். அப்போது அந்தப் போர்வையில் ஒரு வடுவும் இருக்காது. அதன் பிறகு காலமெல்லாம் சின்னக் கற்கள் அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும். சின்னக் குழிகளை எண்ணினால் பெரிய குழியின் வயது தெரியும். திரையில் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட வேண்டும்.

அந்தக் குழி மூன்று கிலோமீட்டர் அகலம். அதற்கு முன்பே வயது கணித்திருந்தார்கள். நான் எண்ணும்போது ஒரு விஷயம் உறுத்தியது. தெற்குப் பக்கத்துச் சின்னக் குழிகள் பல, வரிசையாக, ஆழமில்லாமல், கொஞ்சம் நீண்டு இருந்தன. விண்வெளியிலிருந்து வரும் கற்கள் வரிசையில் வந்து விழாது. எங்கோ தொலைவில் வேறொரு மோதலில் தெறித்த கற்கள் ஒரே நாளில் வந்து போட்ட தடங்கள் அவை. வயதுக் கணக்கில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. முன்பு எண்ணியவர்கள் சேர்த்துவிட்டிருந்தார்கள். நான் கழித்துப் பார்த்தேன். குழியின் வயது பாதியாகக் குறைந்தது. கட்டுரையில் புதிதாக இருந்த செய்தி அது ஒன்றுதான்.

அக்கா என் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அடிப்பாவி" என்று என் தலையில் தட்டினார்.

குழிக்குத் தனிப் பெயர் கிடையாது. பக்கத்திலிருந்த பெரிய குழியின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழைத்தார்கள். வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போடுவதுபோல. "இதைத் தலைப்புல வச்சா எவன் படிப்பான்? பேர் கேட்டு எழுதுவோம்" என்றார் அக்கா. அதற்கு ஒரு சர்வதேசக் குழு இருக்கிறது. விதிகளை அக்காவுக்காக நான்தான் ஒரு தாளில் தட்டிக் கொடுத்தேன். பெரிய குழி என்றால் இறந்துபோன அறிஞரின் பெயர். சின்னக் குழி என்றால் ஒரு சாதாரண ஆண் பெயரோ பெண் பெயரோ போதும். ஆனால் அது எவரையும் குறிக்கக் கூடாது. உயிரோடு இருப்பவரைக் குறிக்கவே கூடாது. படிவத்தை அக்கா தானே நிரப்பி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மதியம், பெயர் கிடைத்துவிட்டதென்று கேக்கோடு வந்தார். கூடவே குழியின் படம், கண்ணாடிச் சட்டத்தில். அடியில் அவருடைய கையெழுத்தில்: "என் தங்கைக்கு. ஊருக்கு இது ஏதோ ஒரு பேர். நமக்குத் தெரியும், இது நீதான்." கீழே குழியின் பெயர், தேதி.

என் பெயர். விதி எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அதை நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

வீட்டில் அப்பா அந்தப் படத்தைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அண்ணன் மட்டும், "பூமியில அரை சென்ட் வாங்க வக்கில்லை, நிலாவுல குழி வெட்டி வச்சிருக்கா" என்றான். அப்பா பேருந்து பணிமனையில் நேரம் குறிப்பவர். மாலை நாலு மணிக்கு வெளுத்துப்போய்த் தெரியும் நிலவை டிரைவர்களுக்குக் காட்டுவார். "கீழ, இடது பக்கம். நல்லாப் பாருங்க." அவர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆமாண்ணே, தெரியுதுண்ணே" என்பார்களாம். தொலைநோக்கியிலேயே லேசில் தெரியாத குழி.

அதன் பிறகு மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமையும் போனேன். வடக்குப் பக்கம் பாதி எண்ணாமல் கிடந்தது. என்னை யாரும் வரச் சொல்லவில்லை. என் குழி என்று போனேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க, என் பெயரில் வெளியான கட்டுரை ஒன்றாவது வேண்டும். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. கட்டுரை வெளியானது புதன்கிழமை. மற்ற எல்லாத் தாள்களும் தயாராக இருந்தன. "வந்த அன்னிக்கே போட்டுடு" என்று சொன்னதே அக்காதான்.

மதியம் அவர் மேசைக்குப் போனேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அக்கா, கட்டுரையில என் பேர்…"

"பார்த்தியா? தலைப்பே நீதான்டி!"

"எழுதினவங்க வரியில இல்லக்கா."

"உக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீயே சொல்லு. குழிக்கும் அதே பேர், எழுதினவங்கள்லயும் அதே பேர்னா, குழுக்காரங்க சும்மா இருப்பாங்களா? யாரையும் குறிக்கலன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எப்போ போட்டீங்க?"

"படிவம் அனுப்பினப்போ. ஏன்?"

கணக்கு எனக்குத் தானாக வரும். கேக் வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பு. அன்றிலிருந்து எண்ணி முடிக்கும்வரை ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் வடக்குப் பக்கத்தில் நான் போட்ட வட்டங்கள் அறுநூற்றுப் பதினான்கு.

"எனக்குத் திருத்த அனுப்பின பிரதியில என் பேர் ரெண்டாவதா இருந்துதேக்கா. அது போன மாசம்தானே?"

அக்கா டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது பழைய முகப்பு. மாத்த மறந்திருப்பேன்."

ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புபவர் அக்கா.

"ஒரு திருத்தம் அனுப்பினா சேர்த்துக்குவாங்கல்லக்கா? வெள்ளிக்கிழமை…"

"அனுப்பினா குழிக்கு வச்ச பேர் போயிடும். உன் பேர்தான்டி போகும்! கட்டுரை நூறு எழுதலாம். நிலாவுல இடம் யாருக்குக் கிடைக்கும்? அடுத்த கட்டுரையில முதல் பேரே உன்னோடது, போதுமா? விண்ணப்பம் அடுத்த வருஷம் போடு. கிழவியாவா ஆயிட்ட?" என்று சிரித்தார். எப்போதும்போல டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

நான் சாப்பிட்டேன். இன்றுவரை அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

சாரிடம் போக இரண்டு முறை கதவுவரை நடந்து திரும்பி, மூன்றாம் முறை உள்ளே போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அக்கா தங்கச்சி சண்டைக்கு நான் பஞ்சாயத்து பண்ண முடியாதும்மா. இது அவங்க பதவி உயர்வுக்குப் போற கட்டுரை. முதல் பேர் அவங்க, கூட நான், ரெண்டே பேர்னாதான் எடை. உனக்குத்தான் குழி குடுத்தாச்சே!"

அவர் எதையும் மறைக்கவில்லை. எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்திருந்தார்.

என் இடத்துக்கு வந்து, குழுவின் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு, விட்டம், பெயர் வந்த விதம். கடைசிக் கட்டத்தில் இரண்டே சொற்கள்: பெண் பெயர்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மதியம் ஸ்டூல் போட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பணி முடிந்து அப்பா வந்தார்.

"எதுக்கும்மா கழட்டற?"

சொன்னேன். முழுக்கச் சொல்ல நேரம் பிடித்தது. அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போன பொண்ணாச்சே" என்றார். பிறகு, "இப்போ என்ன பண்ணப் போற?"

"பேரை எடுக்கச் சொல்லி எழுதப் போறேன்."

"எடுத்தா, கட்டுரையில உன் பேரு வந்துடுமா?"

"வராதுப்பா."

"அப்புறம் எதுக்கு?"

"யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கப்பா. நான் இருக்கேன்ல?"

அப்பா படத்தை வாங்கி, சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பினார். கண்ணாடி கீறாமல் எடுத்து என்னிடம் தந்தார்.

"டிரைவருங்க கேப்பாங்களேப்பா?"

"மேகமா இருக்குன்னு சொல்லிக்கறேன்."

கையெழுத்துத் தெரியும்படி படத்தை ஸ்கேன் செய்து, நாலு வரிக் கடிதத்தோடு குழுவுக்கு அனுப்பினேன். சாரைப் பற்றியோ பதவி உயர்வைப் பற்றியோ எழுதவில்லை. இந்தப் பெயர் ஒருவரைக் குறிக்கிறது, அந்த ஒருவர் நான், குழிகளை எண்ணியதும் நான் என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். வெளியான கட்டுரைகள் என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஐந்து மணிவரை அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு அது மூடிக்கொண்டது.

பத்து நாளில் குழுவிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. படத்தில் இருப்பது விண்ணப்பித்தவரின் கையெழுத்துதானா? தாங்கள் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய முடியுமா? கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "மூக்குல கை வச்சுப் பார்த்துச் சொல்லட்டுமா?" என்றான். நான் "ஆம், உயிருடன் இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் குழியைப் பற்றிய தாள்களில் என் கையெழுத்து இருப்பது அந்த ஒன்றில்தான்.

அடுத்த மாதம் பெயரை நீக்கினார்கள். குழி பழையபடி பக்கத்துக் குழியின் பெயருக்கும் ஓர் எழுத்துக்கும் திரும்பியது. கட்டுரையின் திருத்திய பிரதி வந்தது. எழுதியவர்கள் வரியில் மாற்றமில்லை. என் பெயரைத் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை என்றது கணினி.

என் ஒப்பந்தம் முடிய நாலு நாள் இருந்தது. நடைபாதையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா எதிரே வந்தார். அந்த மாதம் முழுக்க என்னிடம் பேசாதவர்.

"உன் பேரை நீயே அழிச்சுக்கிட்டியேடி" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"ஆமாக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. பாட்டில் நிரம்பி வழிந்து கை நனைந்தது. அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.