சொல்லின் வாலில் ஒரு எஸ்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு வில்ஃப்ரீட் செத்துப்போனான். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டைக் கத்திகளுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுக்குள் குனிந்து மண் சுரண்டிக்கொண்டிருந்தான். நின்றுகிடந்த பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், போர்மேன் டுகெனுவா கிஸ்லேனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஷிஃப்ட் புத்தகம் திறந்து கிடந்தது.

"உக்காருய்யா. காப்பி குடிக்கிறியா?"

இந்தச் சர்க்கரை ஆலையில் கிஸ்லேனுக்கு இருபத்தாறு வருஷம். அந்த அறையில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. காப்பி வேண்டாம் என்றான்.

"இது உன் கையெழுத்துதானே?"

கேட்கவே வேண்டாம். ஆலையில் அப்படி எழுதுகிறவன் வேறு யாரும் கிடையாது. வேலிக்கு நட்ட கம்பு மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். ஐம்பத்தொரு வயது வரைக்கும் அவனுக்கு எழுத்தே தெரியாது. அவன் ஷிஃப்டில் நடந்ததை வேறு ஒருவன் எழுதுவான், அடியில் இவன் ஒரு கோடு போடுவான். இரண்டு வருஷமாகத்தான் சனிக்கிழமை தோறும் தொழிற்சங்கக் கூடத்துக்குப் போய் வருகிறான். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒடீல் அங்கே பாடம் நடத்துவாள். அவளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான்.

புத்தகத்தில் ஒரே ஒரு வரி. ஒரு மணிக்கு நான் பெல்ட்டை நிறுத்தியிருப்பேன்.

அந்த வரியை எழுதியபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. போன மாதம்தான் ஒடீல் பிரெஞ்சு இலக்கணத்தில் அந்த வினைக்காலத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இனிமேல் வரப்போகிற நேரம். ஆனால் அந்த நேரம் வரும்போது வேலை முடிந்து கிடக்கும். அதற்கு இரண்டு சொல் வேண்டும். முன்னால் 'உடைமை'யைச் சொல்லும் துணைச்சொல்லை எதிர்காலத்தில் போட வேண்டும், பின்னால் நடந்து முடிந்த வினையை வைக்க வேண்டும். சில வினைகளுக்கு மட்டும் உடைமைக்குப் பதில் 'இரு' என்பது வரும். போவது, வருவது, பிறப்பது, சாவது.

"பொறக்கறதும் சாவறதும் ஒரே சாமானா மதாம்?" என்று அன்றைக்கு அவன் கேட்டான். வகுப்பில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். கழுவி முடித்திருப்பேன். சாப்பிட்டிருப்பேன். தூங்கியிருப்பேன். முதுகு ஒடிய வேலை செய்கிறவனுக்கு அதைவிட நல்ல காலம் எந்த மொழியிலும் இருக்காது என்று தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்குப் புத்தகத்தில் அவன் அந்த வரியை எழுதினான். மண் சுரண்டுவதற்காகப் பெல்ட்டை நிறுத்த இன்னும் அரை மணி இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு டுகெனுவா வாசலில் நின்று கத்தினார். முற்றத்தில் லாரி சாய்ந்து பீட்ரூட் எல்லாம் சேற்றில் கொட்டிவிட்டது.

"அத அப்பறம் பாத்துக்கலாம், ஓடி வாய்யா!"

"பெல்ட்ட நிறுத்தி பூட்டு போட்டுட்டு வரேன்."

"வான்னா வா!"

பெல்ட் மறுபடி ஓடாமல் சுவிட்சில் போடுகிற பூட்டு அந்தக் கொட்டகைக்கே இரண்டுதான். இரண்டும் எங்கே தொங்குகின்றன என்று தேடவே பத்து நிமிடம் ஆகும். கிஸ்லேன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

லாரி சாய்ந்ததால் பீட்ரூட் வரவில்லை. வராவிட்டால் பெல்ட் தானாக நின்றுகொள்ளும், வந்து விழுந்தால் தானாக ஓடும். ஒரு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு வில்ஃப்ரீட் வந்தான். சட்டை மாற்றினான், புத்தகத்தைப் பார்த்தான். கிஸ்லேனை 'வாத்தியாரே' என்று கூப்பிடுகிறவன் அவன்தான். "வாத்தியார் இன்னிக்கு முழு வாக்கியம் எழுதிட்டாருடா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்ததாகப் பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து மூன்று நாளாகக் கிஸ்லேனுக்குச் சோறு இறங்கவில்லை. வில்ஃப்ரீட் வரியைப் படித்தான், பெல்ட் நிற்பதைப் பார்த்தான், சுரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஒன்று பத்துக்கு அடுத்த லாரியின் பீட்ரூட் வந்து விழுந்தது.

"இங்க பாரு," என்றார் டுகெனுவா.

அன்றைய அமளியில் யாரோ ஈரக் கையோடு புத்தகத்தைத் தொட்டிருக்கிறார்கள். மை பரவியிருந்தது. அந்த முதல் துணைச்சொல்லின் வாலில் கடைசி எழுத்து இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வரியின் முடிவும் கரைந்திருந்தது.

"இதுல ஒரு எஸ் இருந்துச்சுல்ல?"

கிஸ்லேன் புத்தகத்தின்மேல் குனிந்தான்.

அந்த எஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமிழில் 'நிறுத்தியிருப்பேன்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் காதில் இரண்டும் ஒன்றுதான். காகிதத்தில்தான் வேறு. எஸ் இல்லாவிட்டால் அது வாக்கு: அந்த நேரத்துக்குள் நிறுத்தி முடித்திருப்பேன், நம்பி வா. எஸ் இருந்தால் அது நடக்காமல் போன காரியம்: நிறுத்தியிருப்பேன், ஆனால் முடியவில்லை.

"'நிறுத்தியிருப்பேன், ஆனா முற்றத்துக்குக் கூப்பிட்டாங்க'ன்னு எழுத ஆரம்பிச்ச. நான் அவசரப்படுத்தினேன். பாதில விட்டுட்டு வந்துட்ட. அவ்வளவுதான்," என்றார் டுகெனுவா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "என் பொண்ணு மேல்நிலைப் பள்ளில படிக்கிறா. அவளே இதுல தப்பு பண்றா. நீ நேத்து எழுதப் படிச்சவன். உன்ன யாரு நோண்டிக் கேக்கப் போறா?"

"அப்ப வில்ஃப்ரீட்?"

"அவசரத்துல சரியாப் படிக்காம போயிருப்பான். மறந்திருப்பான்."

இதுவும் அதே காலம்தான். நடந்துபோன ஒன்றை ஊகிக்கவும் இதே வடிவம் வரும் என்று ஒடீல் சொல்லியிருந்தாள். ரயிலைத் தவறவிட்டிருப்பான், சாவியை மறந்திருப்பான் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். செத்தவன் தலையில் பழியைக் கட்டவும் இது உதவும் என்று அவள் எழுதவில்லை.

"அவன் தப்புன்னு ஆயிட்டா செவரீனுக்கு நஷ்ட ஈடு பாதிதான் கிடைக்கும்," என்றான் கிஸ்லேன். செவரீன் வில்ஃப்ரீட்டின் மனைவி.

"உன் தப்புன்னு ஆனா நீ ஜெயிலுக்குப் போவ. ஓய்வு பெற உனக்கு இன்னும் எத்தன வருஷம்? ஏழா? யோசிச்சுக்க. உனக்கு எழுத வராது, அதச் சொன்னாப் போதும். பொய்யே இல்ல."

ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண். குளிர்காலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்துகொண்டாள். டுகெனுவா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றார். கிஸ்லேனைக் கூப்பிடும் முன்பே அரை மணி நேரம் அவளிடம் பேசி முடித்திருந்தார்.

"புத்தகத்துல நீங்க எழுதினது என்ன மெஸ்யூ? அப்படியே சொல்லுங்க."

கிஸ்லேன் அந்த வரியைச் சொன்னான். ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பொய் சொல்லவில்லை, எப்படி எழுதிக்கொள்கிறாள் என்பது அவள் பாடு. மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு ஆழமாக இறங்கியது. அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் தட்டினாள். வேறு நாலு கேள்வி கேட்டாள். லாரி எத்தனை மணிக்குச் சாய்ந்தது, யார் கூப்பிட்டது, பூட்டு எத்தனை. பிறகு இரண்டு பக்கம் அச்செடுத்து நீட்டினாள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"அவருக்கு நீங்களே படிச்சுக் காட்டிடுங்க மதாம், சீக்கிரம் முடியும்," என்றார் டுகெனுவா.

"நான் படிப்பேன்," என்றான் கிஸ்லேன்.

வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு போனான். உதடு அசைந்தது. டுகெனுவா சாவியைக் குலுக்கினார். ஆய்வாளர் மணி பார்த்தாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. அவன் சொன்ன வாக்கியம். துணைச்சொல்லின் வாலில் எஸ். அதற்குப் பின்னால் மூன்று புள்ளி. இறந்தவர் எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை எனத் தெரிகிறது என்று அடுத்த வரி.

பேனா கையில்தான் இருந்தது. அந்த எஸ்ஸை அவன் கேட்கவில்லை, அவன் எழுதவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சும்மா இருந்தாலே போதும்.

"இதுல ஒரு எழுத்து அதிகமா இருக்கு மதாம்."

"எது?"

"இந்த எஸ். நான் போடல. இந்த மூணு புள்ளியும் நான் வைக்கல. வரி அதோட முடிஞ்சுது."

சாவிச் சத்தம் நின்றது.

"அவருக்கு இன்னும் சரியா எழுத வராது மதாம்," என்றார் டுகெனுவா. "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம்."

ஆய்வாளர் கிஸ்லேனையே பார்த்தாள். "தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்." வரியின் மேல் விரலை வைத்தான். "எஸ் இல்லேன்னா, ஒரு மணிக்குப் பெல்ட்ட நிறுத்தி முடிச்சிருப்பேன்னு அர்த்தம். அப்படித்தான் எழுதினேன். நிறுத்தல. வில்ஃப்ரீட் என்ன எழுதியிருந்துச்சோ அதத்தான் படிச்சான்."

"இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

"சரியான மடையன்யா நீ," என்று டுகெனுவா வாய்க்குள்ளே சொன்னார். ஆனால் அறை சின்னது, எல்லோருக்கும் கேட்டது.

ஆய்வாளர் எஸ்ஸை எடுத்தாள். புள்ளிகளை எடுத்தாள். அடுத்த வரியையும் எடுத்துவிட்டு, மறுபடி அச்செடுத்தாள். கிஸ்லேன் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான். பதினைந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் தன் பெயரைக் கம்பு கம்பாக நட்டான்.

அவள் காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். வழக்கு அரசு வக்கீலிடம் போகும், அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, வேலைக்கும் வர வேண்டாம் என்றாள். கதவருகில் போனவள் திரும்பினாள்.

"நீதிமன்றத்துலேருந்து உங்களுக்குக் கடிதம் வரும். வீட்டுல படிச்சுச் சொல்ல ஆள் இருக்கா?"

"வேண்டாம் மதாம்," என்றான் கிஸ்லேன். "நானே படிச்சுக்குவேன்."