சத்தம் பத்தாத வண்டிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நேசையன் அண்ணாச்சியின் தகரக் கொட்டகையில் அன்றைக்கு மூன்று வண்டிகள் நின்றன. ஒரு சிவப்பு ஹீரோ ஹோண்டா, ஒரு எஸ்டி பைக், ஒரு பழைய புல்லட். எல்லாம் கைமாறி வந்தவை. என் கண் சிவப்பு வண்டியை விட்டு நகரவில்லை. ஓட்டப் பழகி இன்னும் கால் நடுக்கம் போகாதவனுக்கு அதுதான் தோது. தொட்டால் ஸ்டார்ட் ஆகும், கிளம்பினால் தையல் மிஷின் மாதிரி ஓடும். அப்பா அதன் பக்கமே வரவில்லை. புல்லட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு எரிச்சல் என்றால் எரிச்சல். ஓட்டப்போவது நான். அவர் சைக்கிளைத் தவிர எதையும் தொட்டவர் இல்லை.

"சத்தம் வேணும்லே. ஊமை வண்டி நமக்கு ஆகாது" என்றார்.

நேசையன் அண்ணாச்சி சிரித்தார். "மைலேஜைக் கேட்டு வருவாங்க, கலரைக் கேட்டு வருவாங்க. சத்தத்தைக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி."

அப்பா சுயம்புலிங்கம், ராஜபாளையத்து நூல் மில்லில் ஆயுசில் பாதியைப் போட்டுவிட்டு ரிட்டையர் ஆனவர். நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடுகிற ஹாலில் காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆட்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், சண்டைகூடப் போடுவார்கள். வெளியே வரும்போது எல்லோருக்கும் காது மந்தமாகியிருக்கும். அதை நோவு என்று யாரும் நினைத்ததில்லை. 'மில் காது' என்று சொல்லிச் சிரிப்பதோடு சரி. "மில்காரனுக்குக் காது எதுக்கு? சம்பளம் வாங்கக் கை இருந்தாப் பத்தாதா?" என்று அப்பாவே கேட்பார். முகத்துக்கு நேரே பேசினால் டக்கென்று பதில் சொல்லிவிடுவார். அதனால் ஏதோ கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

எனக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. செகண்ட் ஷிப்ட் முடிந்தால் பஸ் கிடையாது. ஏதாவது ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்குவேன். தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்துவிடுவாள். நான் கதவைத் தட்டியதே இல்லை. போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அப்பா இரவில் படுப்பதில்லை. கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் வருகிறவரை முழித்தபடி உட்கார்ந்திருப்பார். கதவைச் சும்மா சாத்திவிட்டுத் தூங்குங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நீ வந்துட்டேன்னு எனக்கு எப்பிடிலே தெரியும்?" என்றார். ஆள் பாதியாகிவிட்டார்.

வன்னியம்பட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா பரிபூரணம் வந்து பார்த்துவிட்டு அழுதாள். "ஏலே பொன்னுராஜ், நீ ஆலங்குளத்துலயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிரு. அப்பாவாவது நிம்மதியாத் தூங்கட்டும்" என்றாள். அப்பாவின் முகம் செத்துப்போனது. பிறகுதான் இந்த யோசனையைச் சொன்னார். நல்ல சத்தமான வண்டியாக எடுத்தால் அவர் படுத்துத் தூங்குவாராம். நான் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டு எழுந்து சோறு போடுவாராம். நான் எங்கேயும் போக வேண்டியதில்லை.

"நான் அந்த வேப்பமரத்துக்கிட்டப் போயி அங்கிட்டுத் திரும்பி நிக்கேன். ஸ்டார்ட் பண்ணு. கேட்டாக் கையத் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு அப்பா கொட்டகையிலிருந்து இறங்கி நடந்தார்.

முதலில் சிவப்பு வண்டி. பூனை மாதிரி ஓடியது. கை உயரவில்லை. அதை நானும் எதிர்பார்த்ததுதான். அடுத்தது எஸ்டி. நேசையன் அண்ணாச்சியே உதைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தோளைக்கூட அசைக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பியவர், புகையைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தார்.

"சத்தம் பத்தலை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெருவே திரும்பிப் பாக்குது, ஒங்களுக்குப் பத்தலையா? புல்லட்டுதான் வேணும்னா வாய விட்டுச் சொல்லுங்களேன். எதுக்கு இந்த நாடகம்?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புல்லட்டைப் பார்த்தார். "இதுவும் கேக்கலைன்னா நீ ரூமைப் பாத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் மரத்தடிக்குப் போனார்.

புல்லட்டை நானே உதைக்கிறேன் என்றேன். நேசையன் அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார். கைப்பிடிக்குக் கீழே உள்ள சின்ன லீவரை அமுக்கிக்கொண்டு, மீட்டரில் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். அப்புறம் ஒரே உதை. உதைத்தேன். கால் வழுக்கியது. இரண்டாவது தடவை கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்கால் எலும்பே போய்விட்டது போல இருந்தது. காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வண்டி ஒரு சத்தமும் போடவில்லை.

அப்போது அப்பா கையைத் தூக்கினார்.

"கேக்குதுலே!" திரும்பாமலே கத்தினார். "நல்லாக் கேக்குது! தெருமுனையில வந்தாலே முழிச்சுக்கிடுவேன். இதையே எடுத்துருவோம்!"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். "கர்த்தரே" என்று நேசையன் அண்ணாச்சி வாய்க்குள் முனகினார். எஸ்டி போட்ட அம்புட்டுச் சத்தத்தில் ஒரு பொட்டுக்கூட அந்தக் காதுக்குள் போகவில்லை. எத்தனை வருசமாக இப்படியோ, எங்களுக்குத் தெரியவே இல்லை. அவரைப் போய் நாடகம் போடுகிறார் என்று கேட்டேனே, பாவி.

அவர் இன்னும் திரும்பவில்லை. கை மேலேயே நின்றது. அவர் திரும்புவதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். நான் எழுந்து வண்டிமேல் ஏறினேன்.

"முள்ளைப் பாத்து ஒதைங்க தம்பி, முள்ளைப் பாத்து" என்றார் நேசையன் அண்ணாச்சி.

முள் எங்கே தெரிகிறது, கண்ணெல்லாம் தண்ணீர். உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் உதைத்தேன். மரத்தடியில் அப்பா கையை இறக்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கினார். உடம்பின் பாரம் மொத்தத்தையும் அந்த ஒரு காலில் இறக்கி நான் உதைத்தேன்.