ஒரே ஒரு கை

வடம் எழுகிறது, சேற்றை உதறிக்கொண்டு, தொய்ந்து கிடந்தது நேராகி, நேரானது இறுகி, அதன் முறுக்குகளிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டுகிறது, என் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் அகலக் கண்ணாடி, அதற்குள் வடம், வடத்துக்கு அப்பால் மூக்கு குத்திக் கிடக்கிற டாங்க், இரண்டுக்கும் நடுவே தலைக்கு மேல் தூக்கிய ஒரு கை, அந்தக் கையின் ஆள்காட்டி விரல் காற்றில் சின்னதாக வட்டம் போடுகிறது, மெதுவாக இழு என்று அர்த்தம், நான் இழுக்கிறேன், பட்டாளத்திலிருந்து வந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கிறேன், மதியம் சாப்பிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தால்கூட அந்தக் கண்ணாடி வந்து முன்னால் நின்றுவிடுகிறது, தூக்கத்துல கைய இறுக்கி மூடிக்கிறீங்க, விரலப் பிரிக்கவே முடியல, அப்படி என்னத்தப் பிடிச்சிருக்கீங்க என்று என் மனைவி கேட்டாள், டாங்கு என்றேன், அவள் சிரித்துக்கொண்டே காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள், நான் பொய் சொல்லவில்லை.

எங்கள் வண்டியும் டாங்க்தான், அதே உடம்பு, அதே எஞ்சின், அதே சங்கிலிப் பட்டை, மேலே சுழலும் கோபுரமும் பீரங்கிக் குழலும் மட்டும் கிடையாது, அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிரேன் படுத்திருக்கும், வயிற்றுக்குள் வடம் சுற்றிய வின்ச், முன்னால் மண்ணில் குத்தி ஊன்றிக்கொள்ள ஒரு பெரிய இரும்புத் தகடு, மற்ற டாங்குகள் புதைந்தால், கவிழ்ந்தால், எஞ்சின் செத்தால் போய் இழுத்து வருவது எங்கள் வேலை, ரெகவரி வண்டி என்பார்கள், டாங்க்காரர்கள் வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள், சூசைமாணிக்கம்தான் அதில் மோசம், திண்டுக்கல்லுக்காரன், டாங்க் ஓட்டுநர், லங்கரில், எங்கள் சமையல் கொட்டகையில், சப்பாத்தி வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, சண்டை போடுற ஆளு மொதல்ல சாப்பிடட்டும் மாப்ள, இழுக்குற ஆளுக்கு என்ன அவசரம் என்பான், நீ விழுந்தா நான்தான்டா வரணும் என்றால், நான் ஏன் விழுறேன் என்பான், விழுந்தான்.

ராஜஸ்தானில் கால்வாய் ஓரம், குளிர்காலப் பயிற்சி, பாலைவனத்தில் சேறு இருக்கும் என்று அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது, கால்வாய்த் தண்ணீர் மணலுக்கு அடியில் கசிந்து பள்ளங்களில் தேங்கி நிற்கிறது, மேலே உப்பு பூத்து வெள்ளையாகக் காய்ந்து பார்ப்பதற்குச் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும், ஒட்டகம் மேய்ப்பவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், சூசைமாணிக்கத்தின் டாங்க் சுற்றவில்லை, நாற்பது டன் இரும்பு அந்த வெள்ளைத் தோலைக் கிழித்துக்கொண்டு தலைகுப்புறச் சரிந்தது, குழலின் நுனி எதிர்க்கரையின் சேற்றில் ஆழமாகக் குத்தி நின்றுவிட்டது, மேலே கோபுரத்தில் இருந்த கமாண்டர் வெளியே குதித்துவிட்டார், ஓட்டுநரால் முடியாது, அவன் படுக்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இடம் முன்பக்கம், அவன் தலைக்கு மேல் உள்ள மூடியின் மீதே குழல் படிந்திருந்தது, கோபுரத்தைக் கொஞ்சம் திருப்பினால் குழல் நகரும், மூடி திறக்கும், ஆனால் குழலின் நுனி சேற்றில் மாட்டியிருக்க கோபுரம் எப்படித் திரும்பும், அடிவயிற்றில் இருக்கிற இன்னொரு கதவு சேற்றுக்குள் போயாயிற்று, தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வேலாயுதம் இருந்தான், அந்த டாங்கின் பீரங்கியைச் சுடுகிற கன்னர், தர்மபுரிக்காரன், வெளியே வா என்று கமாண்டர் கூப்பிட்டும் வரவில்லை, குழல் விடுபட்டதும் கோபுரத்தைக் கையால் சுற்றித் திருப்ப ஒரு ஆள் உள்ளே வேண்டும் என்றான், அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து முன்னால் இருப்பவனிடம் போக வழி இல்லை, குரல் மட்டும் போகும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலாயுதம் மேல்மூடி வழியாகத் தலையை நீட்டி, குளிச்சிக்கிட்டு இருக்கானாம், உங்கள டீ குடிச்சிட்டே மெதுவா வரச் சொல்றான் என்றான், எல்லோரும் சிரித்தோம், எவ்வளவு தண்ணி என்று பால்துரை அண்ணன் கேட்டார், வேலாயுதம் உள்ளே குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தான், இடுப்பு வரைக்கும் என்றான், அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பால்துரை அண்ணன் எங்கள் ஹவில்தார், நாசரேத் பக்கம், டாங்குக்குப் பின்னால் எங்கள் வண்டி நிற்கக் கெட்டியான இடம் இல்லை, கைவிட்ட ஒரு மதகின் கான்கிரீட் சுவர் மட்டும் இருந்தது, அண்ணன் அதில் கப்பியைக் கட்டச் சொன்னார், வடம் எங்கள் வண்டியிலிருந்து கிளம்பி அந்தக் கப்பியைச் சுற்றித் திரும்பி டாங்கின் பின்பக்கத்துக்குப் போகும், நாங்கள் முன்பக்கக் கரையில் நின்றுகொண்டே அதைப் பின்பக்கமாக இழுக்கலாம், அண்ணனே சேற்றுக்குள் மூழ்கிக் கொக்கியைத் தேடி மாட்டினார், மூன்றாவது முறை எழுந்தபோது கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன, மார்பு வரைக்கும் என்றான் வேலாயுதம், யாரும் கேட்காமலே.

இழுக்கிறபோது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வடம் இறுகிவிட்டால் எஞ்சின் சத்தத்தில் யார் குரலும் கேட்காது, வடம் அறுந்தால் ஆளை இரண்டாக வெட்டிவிடும் என்பதால் வின்ச் இயக்குபவன் மூடியை அடைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும், அவன் பார்ப்பது ஒரே ஒரு கையை, விரல் வட்டம் போட்டால் இழு, மூடிய முஷ்டி என்றால் அப்படியே பிடி, விரித்த உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தால் வடத்தைத் தளர்த்து, சுற்றி நிற்கிற மற்ற எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், கேப்டன் ஆனாலும் சரி, அன்றைக்குக் கேப்டன் ராணே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, ஒரு ஈ அவர் மூக்கின் மேல் உட்கார்ந்து நடந்தது, அவர் உதட்டைக் கோணிக் கோணி ஊதிப் பார்த்தார், கையை எடுக்கவில்லை, நான் உள்ளே இறங்கி மூடியை அடைக்கும் முன் அண்ணன் வண்டி மேல் ஏறி வந்து குனிந்தார், ஏல, என் கையத் தவிர எவன் கையையும் பாக்காத, ஆண்டவரே இறங்கி வந்து கையக் காட்டுனாலும் பாக்காத, பொறவு நான் அவர்கிட்ட பேசிக்கிடுதேன் என்றார், சேற்றின் நாற்றம் அடித்தது, சரிண்ணே என்றேன், மூடியை அடைத்தேன்.

விரல் வட்டம் போடுகிறது, வடம் இறுகுகிறது, எங்கள் வண்டி முனகிக்கொண்டு தன் இரும்புத் தகட்டின் மேல் சாய்கிறது, டாங்க் அசையவில்லை, சேறு சட்டென்று விடாது, பிடித்த பிடியிலேயே காத்திருக்க வேண்டும், முஷ்டி, நான் பிடிக்கிறேன், வட்டம், இழுக்கிறேன், முஷ்டி, பிடிக்கிறேன், உள்ளே சூசைமாணிக்கம் எவ்வளவு தண்ணீரில் இருக்கிறான் என்று இப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை, என் இடுப்பில் ஈரம், அது வியர்வைதான், ஆனால் நானும் நனைந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது, இந்த வண்டியும் அந்த வண்டியும் ஒரே உடம்பு, அவன் உட்கார்ந்திருக்கும் இருக்கை மாதிரிதான் என் இருக்கையும், என் தலைக்கு மேலும் ஒரு மூடி, நான் அதைத் தள்ளிப் பார்க்கிறேனா, அவன் தள்ளிப் பார்க்கிறானா, நாற்காலியில் உறங்குகிறபோது இந்த இடத்தில் எனக்கு எப்போதும் குழம்பிவிடும், பிறகு ஒரு சத்தம், காதால் அல்ல, இருக்கை வழியாக வருகிறது, சேறு விடுகிறது, டாங்க் ஒரு முழம் பின்னால் வருகிறது, இன்னொரு முழம், குழலின் நுனி கரையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வருகிறது, ஒரு கூடை மண்ணோடு, முஷ்டி, பிடிக்கிறேன், வேலாயுதம் உள்ளே கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டான் என்று தெரிகிறது, குழல் கடிகார முள் மாதிரி நகர்கிறது, நகர்வதே தெரியாமல் நகர்கிறது, டாங்க் இன்னும் சரிவில்தான் நிற்கிறது, வடம் மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அப்போது ஓட்டுநரின் மூடி கொஞ்சம் திறந்தது, முழுதாக அல்ல, குழல் இன்னும் பாதிகூட விலகவில்லை, அந்த இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது, முழங்கை வரைக்கும், சேற்றில் தோய்ந்த கை, பிடிமானம் தேடி இரும்பைத் துழாவியது, எட்டாமல் விரிந்தது, உள்ளங்கை கீழ்நோக்கி, மேலும் கீழும் அசைந்தது, தளர்த்து, தளர்த்து, என் வலது கை வடத்தைத் தளர்த்தும் லீவருக்குப் போய்விட்டது, நான் அனுப்பவில்லை, பல வருடப் பழக்கம் அனுப்பியது, ஒரு உள்ளங்கை அப்படி அசைந்தால் என் கை அங்கே போகும், அவ்வளவுதான், லீவரின் குளிர்ந்த உருண்டை என் கைக்குள் இருக்கிறது, தளர்த்தினால் டாங்க் முன்னால் சரியும், குழல் நுனி மறுபடி கரையில் குத்தும், கோபுரம் பின்னுக்குத் தள்ளப்படும், குழல் மூடியின் மேல் ஏறும், அந்தக் கை அங்கேயே இருக்கும், கண்ணாடிக்குள் இரண்டு கைகள், ஒன்று என் நண்பனுடையது, உயிரோடு இருக்கிறது, ஆட்டி ஆட்டிக் கேட்கிறது, இன்னொன்று முஷ்டி, அசையவே இல்லை, நான் நண்பனின் கையிலிருந்து கண்ணை எடுத்தேன், எளிதாக இல்லை, முஷ்டியைப் பார்த்தேன், சேறு காய்ந்து வெடித்த நான்கு விரல்கள், மேலே மடங்கிய கட்டைவிரல், அதையே பார்த்தேன், லீவரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன், கையை மூடித் தொடையின் மேல் வைத்தேன், நானும் முஷ்டி, பிடி, பிடி, குழல் நகர்கிறது, கண்ணாடியின் ஓரத்தில் அந்தக் கை எதையோ கெஞ்சுகிறது, நான் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை மாப்ள, பொறு.

எவ்வளவு நேரம் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது, குழல் விலகியது, மூடி முழுதாகத் திறந்தது, தலை வந்தது, தோள் வந்தது, பிரசவம் மாதிரி என்று பிறகு யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒரு ஆள் வெளியே வந்தான், அவ்வளவுதான், டாங்கின் மூக்கில் மண்டியிட்டு இருமினான், வேலாயுதம் மேலிருந்து இறங்கி வந்து அவன் முதுகில் அறைந்தான், இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடந்து கரையேறினார்கள், சூசைமாணிக்கம் நின்று சுற்றிலும் பார்த்தான், கரை முழுக்கப் பட்டாளம், கேப்டன் முதல் சமையல்காரன் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலை குனியாமல் நிற்கிறார்கள், ஏன்யா எல்லாரும் இப்படி நிக்கிறீங்க, யாரு செத்தது என்று கேட்டானாம், யாரும் கையை எடுக்கவில்லையாம், வடம் இன்னும் இறுகித்தான் இருந்தது, இதையெல்லாம் சாயங்காலம் லங்கரில் அவனே சொல்லித்தான் கேட்டேன், சப்பாத்தி வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு, கையக் கையக் காட்டுறேன், பாக்கவே மாட்டேங்கிறியே, நீயெல்லாம் ஒரு மாப்ளயா, இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்னுதான்டா ஆட்டுனேன் என்றான்.

ஆனால் அது சாயங்காலம், நான் இன்னும் கண்ணாடிக்குள் இருக்கிறேன், முஷ்டி அப்படியே இருக்கிறது, ஆட்கள் எல்லோரும் விலகிவிட்டார்களா என்று அண்ணன் இரு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார், பார்த்துவிட்டுக் கையை இறக்கப் பார்க்கிறார், இறங்கவில்லை, தூக்கியே வைத்திருந்ததில் மரத்துப்போய்விட்டது, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக் கீழே கொண்டு வருகிறார், மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார், உள்ளங்கை விரிகிறது, கீழ்நோக்கி அசைகிறது, ஒரு முறை, இரண்டு முறை, நான் லீவரைத் தொடுகிறேன், வடத்தின் முறுக்குகளில் தண்ணீர் சொட்டுவது நிற்கிறது, கோடாக இருந்தது வளைகிறது, யாரும் இல்லாத டாங்க் தன் இஷ்டத்துக்குச் சேற்றுக்குள் ஒரு முழம் சரிந்து உட்கார்கிறது, உட்காரட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், வடம் மெல்ல இறங்கி, தொய்ந்து, உப்பின் மேல் படுக்கிறது.