கை எடுக்காத விருந்து

“போன தடவை மாதிரி விருந்தாளிக்கு முந்தி நீங்க கையை எடுத்தியன்னா, உங்களை அந்தக் கடையிலேயே விட்டுட்டு நான் பஸ் ஏறிருவேன்.”

“நெஞ்சு எரிஞ்சா கை தன்னால நிக்கும்ளா. அதுக்கு நான் என்ன செய்ய?”

“எரியட்டும். நம்ம மக வாழ்க்கை எரியாம இருந்தாப் போதும்.”

அக்தர் பானுவும் அவள் புருஷன் காசிமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்ட இந்தச் சண்டை மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்து முழுக்கக் கேட்டது. காதில் விழாதவர்களுக்கு எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் குழாயடியில் வரி விடாமல் ஒப்பித்தாள். நியாயம் அக்தர் பானு பக்கம்தான் என்று சந்து தீர்ப்பும் எழுதிவிட்டது. அவர்கள் ஊர் வழக்கத்தில், விருந்தாளி தின்று முடிப்பதற்குள் விருந்து வைக்கிறவர் கையை எடுத்தால், ‘போதும், எழுந்திரு’ என்று சொன்ன மாதிரி. போன வருஷம் மகள் ஆஸியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காசிம் பாதிப் பிரியாணியில் கையை எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியவாப்பா முகம் சுண்டி எழுந்தார். சம்பந்தமும் அவரோடு எழுந்து போனது. ஆஸியாவுக்கு இப்போது இருபத்தொன்பது. இதுவும் தட்டிப்போனால் அடுத்த வரன் எங்கிருந்து வரும் என்பதுதான் அக்தர் பானுவின் கவலை.

இந்த மாப்பிள்ளை தாஹிரும் அதே ஊர்க்காரன்தான், உல்லாஸ்நகரில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் இரண்டு குடும்பம் முழங்கால் இடிக்க உட்கார வேண்டாம், செம்பூரில் சந்திக்கலாம் என்றது அவன்தான். சைனீஸ் கடை, மத்தியானம் தலைக்கு நானூறு ரூபாய்க்கு டிம்சம், போதும் என்கிற வரைக்கும். ஹலால்தானா என்று ஆஸியா இரண்டு தரம் போன் போட்டுக் கேட்டாள். அக்தர் பானு நம்பாமல் மூன்றாவது தரமும் போட வைத்தாள்.

மூங்கில் கூடைகள் ஆவி பறக்க வந்தன. மூடியைத் திறந்து பார்த்த அக்தர் பானுவுக்கு உயிர் வந்தது.

“கொழுக்கட்டைல்லா இது. உள்ள இறால் வச்சிருக்கான்” என்றாள் மகள் காதில்.

ருசியும் மோசமில்லை. மெல்லிய தோல், உள்ளே இறால், தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஒரு சட்னி. நாலாவது கூடை வரைக்கும் அவள் கடமைக்காகத் தின்றாள் என்று சொன்னால் அது பொய்.

எதிரே தாஹிரின் உம்மா ஹாஃபிஸா. ஜவுளி வியாபாரம் பண்ணுகிற கனத்த உடம்பு, அளந்து பேசுகிற வாய். அந்த வாய் அன்று பேசவே இல்லை, மென்றுகொண்டே இருந்தது. அவள் ஒன்றை எடுத்தால் அக்தர் பானுவும் ஒன்றை எடுத்தாள். அக்தர் பானு எடுத்ததைப் பார்த்து ஹாஃபிஸா இன்னொன்றை எடுத்தாள். பரிமாறுகிற பெண் சுஷ்மா காலிக் கூடைகளை எடுக்க நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் எழும்பிவிட்டது.

பத்தாவது கூடையில் காசிம் பெல்ட்டைத் தளர்த்தினார். பன்னிரண்டாவதில் அவர் கை தட்டுக்கு மேலே நின்றது. மேஜைக்கடியில் அக்தர் பானு ஒரு மிதி மிதித்தாள். கை மறுபடி இறங்கியது. தாஹிருக்கு ஏசியிலும் வியர்த்து ஊற்றியது. சுஷ்மா கிச்சன் பக்கம் திரும்பி, “பந்தயமா என்னன்னு தெரியல, இன்னும் நாலு கூடை ஏத்துங்க” என்று இந்தியில் குரல் கொடுத்தாள்.

ஆஸியாதான் மதிலை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“மாமி, ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு விருந்து யாரு வைக்கிறது? நீங்களா, நாங்களா?”

அக்தர் பானு மேஜைக்கடியில் மகள் காலையும் ஒரு மிதி மிதித்தாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறந்து இப்படியா கேட்பது. போச்சு, இதுவும் போச்சு.

“இதென்ன கேள்வி? இடம் சொன்னது எம் புள்ளை. விருந்து எங்களுது” என்றாள் ஹாஃபிஸா.

“பொண்ணு வீட்டு விருந்துன்னு உம்மா சொல்லுதாவ.”

ஹாஃபிஸா அக்தர் பானுவைப் பார்த்தாள். “அப்ப நீங்க விருந்தாளி இல்லையா?”

“நீங்கல்லா விருந்தாளி.”

“அதான் நிறுத்தாம தின்னியளோ?”

“நீங்க தின்னுதியளேன்னுதான்.”

“ரெண்டு பக்கமும் விருந்தாளி இல்லைன்னா நான் கையை எடுக்கலாம்லா” என்று சொல்லிக் காசிம் எடுத்தே விட்டார். ஹாஃபிஸாவும் எடுத்தாள். அக்தர் பானு கூடையில் மிஞ்சிக் கிடந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அப்புறம் எடுத்தாள்.

ஹாஃபிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“எங்க வீட்ல வயிறு வெடிச்சாலும் ஒருத்தரும் வாயைத் திறந்து கேக்க மாட்டோம், மதினி. கேக்குறதுக்கு ஒரு புள்ளை வேணும். உங்க மக என்ன சொல்லுதா?”

ஆஸியா தாஹிரைப் பார்த்தாள். “சோடா குடிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

பில் யார் கொடுப்பது என்று இரண்டு வீடும் கல்லாவில் இழுபறி போட்டதைச் சொன்னால் நீளும். இரண்டு மாதத்தில் நிக்காஹ் முடிந்தது. அழைத்ததில், கடையில் பரிமாறிய சுஷ்மாவும் அதற்கு வந்திருந்தாள். பிரியாணியைக் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள் என்பது ஆறுமுகத்தாயின் சாட்சியம். ஆஸியாவும் தாஹிரும் உல்லாஸ்நகரில் ஆறு மாதம் இருந்துவிட்டு, டிராம்பேயில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஜவுளிக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஹாஃபிஸாவும் பின்னாலேயே போனாள். மருமகள் கூப்பிட்டாளா, இவளே போனாளா, அங்கே யார் விருந்தாளி என்பது மட்டும் சந்துக்கு இன்னும் தெரியவில்லை.