ஓடாத கதாநாயகன்

இருபத்தாறு வருஷமாக என் புருஷன் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார். நிஜத்தில் இல்லை, சினிமாவில். அவர் எழுதிய படத்தில் கதாநாயகன் பேருந்து நிறுத்தம், நூலகம், மழைச் சாலை என்று ஓடி ஓடிப் பாடி, கடைசியில் கதாநாயகியைச் சம்மதிக்க வைப்பான். படம் சக்கைப்போடு போட்டது. ஒரு பேட்டியில் இந்த மனுஷர் "எங்க சொந்தக் கதைதான்" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து பல் டாக்டர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரிக்கிறார். நாத்தனாரைக் கேட்கவே வேண்டாம். "எங்கண்ணனை எத்தனை நாள் அலைய விட்டீங்க அண்ணி?"

ஒரு நாள்கூட இல்லை. கேட்டதே நான்தான். அவர் அப்போது அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். நானே போய், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றேன். கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

பெண் போய்க் கேட்டால் படம் ஊத்திக்கும் என்று தயாரிப்பாளர் சொன்னாராம், இவரும் மாற்றி எழுதினார். சரி, அது பிழைப்பு. பேட்டியில் ஏன் புளுக வேண்டும்? கேட்டால் "விடேன்" என்பார். நான் விட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் படம் மேடையில் பாட்டு நாடகமாக வரப்போகிறது. ஒத்திகையை அவர் பார்த்துச் சரி என்றால்தான் அரங்கேற்றம் என்று ஒப்பந்தம். போன வாரம் ஒரு மத்தியானம் இருவரும் போனோம். தரையெல்லாம் டேப் ஒட்டிய கூடம், ஒரு பியானோ, எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

இயக்குநர் சின்னப் பெண். நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஹீரோவைக் கொஞ்சம் மாத்திட்டோம். படத்துல பாட்டு தனி, ஓட்டம் தனி. இங்க ஒரே ஆள் ரெண்டையும் சேர்த்துச் செய்யணும். நம்ம நெட்டை மூணு சுத்து ஓடினா நாலாவது வரிக்கு மூச்சே இல்ல."

நெட்டை என்ற அந்தக் கதாநாயகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதனால?" என்றார் இவர்.

"அவர் உக்காந்தே பாடுறார் சார். யாராவது அசையணுமே? அதான், ஹீரோயினே வந்து, கட்டிக்கிறீங்களான்னு அவளே கேக்குறா."

எனக்குத் திக்கென்றது. இவர் முகம் இறுகிவிட்டது. "பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான்.

நெட்டை மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, தலை நிமிராமல் பாடினான். மூலையிலிருந்து கதாநாயகி நடந்து வந்து எதிரே நின்றாள். கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருத்தனுக்கு மூச்சு பத்தாமல் போனதில் என் கதை எனக்குத் திரும்பி வந்து நிற்கிறது! இவர் மட்டும் "அவனை ஓட விடுங்க" என்றால் போச்சு. இனி தினமும் டிக்கெட் போட்டு என்னைத் துரத்துவார்கள்.

பாட்டு முடிந்தது. இவர் எழுந்து மேஜைவரை போனார்.

"ஒரு திருத்தம்."

பாவி மனுஷன், கெடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இவ இப்படி சாவகாசமா நடந்து வரக் கூடாது. சைக்கிள்ல வந்து குதிக்கணும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கணும். முதல்ல என்கிட்ட தண்ணிதான் கேட்டா."

"யாரு சார்?"

அவர் திரும்பி என்னைக் காட்டினார். "இவதான். நான் துரத்தினதெல்லாம் சும்மா விட்ட ரீல். கேட்டது இவ."

கூடமே என்னைப் பார்த்தது. நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்த மாதிரி அப்படி ஒரு நிம்மதி.

"அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாதும்மா, அதையும் எழுதிக்கோ" என்றேன் இயக்குநரிடம்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப சந்தோஷமா?"

"உங்க தங்கச்சிக்கு முதல் வரிசையில சீட்டு போடச் சொல்லுங்க" என்றேன்.