வைரவன் அரம் போட்ட ரிவால்வர்

ரிவால்வரின் முதுகில் இருக்கிற சுத்தியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, அதன் பிடியை மேஜை ஓரத்தில் லேசாகத் தட்டினான் வைரவன். டக்கென்று சுத்தி விழுந்தது. ட்ரிக்கரில் விரலே வைக்கவில்லை. குண்டு போடாத துப்பாக்கிதான். மறுபடி இழுத்து நிறுத்தி மறுபடி தட்டினான். மறுபடியும் டக்.

அரபு நாட்டில், அல் கூஸில் இருந்த அந்தப் பம்பு ஒர்க்‌ஷாப்பில் ‘முடியாது’ என்று எவனும் சொல்லமாட்டான். முதலாளியை எல்லாரும் அர்பாப் என்பார்கள். அவர் படகு மோட்டாரைக் கொண்டுவந்து போட்டாலும் சரி, காபிக்கொட்டை அரைக்கிற மிஷினைப் போட்டாலும் சரி, “ஓகே அர்பாப்”தான். அந்த வாய்தான் வைரவனைக் கெடுத்தது. போன வாரம் அவர் தன் தகப்பனாருடைய பழைய ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, ட்ரிக்கர் கல்லாட்டம் இருக்கிறது, விரல் வலிக்கிறது என்றார். துப்பாக்கியை சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த நம்ம காரைக்குடி மகராசன் “ஓகே” என்று கை நீட்டினான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான். ஆயிரம் பம்பு கழற்றிப் பூட்டிய கைக்கு இது எம்மாத்திரம் என்கிற திமிர் வேறு! உள்ளே சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் காடிப் பள்ளத்தில் அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தான். ட்ரிக்கர் வெண்ணெயாக இறங்கியது. நேற்று அர்பாப் இழுத்துப் பார்த்துவிட்டு “ஜேன், ஜேன்”, நன்றாக இருக்கிறது என்று அவன் முதுகில் தட்டினார். எண்ணெய் போட்டுத் துடைத்து வை, வெள்ளிக்கிழமை தம்பி மகன் கல்யாணத்தில் இதை வைத்துத்தான் வானத்தைப் பார்த்துச் சுடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்குத் துடைக்கும்போதுதான், காடி தேய்ந்துபோய்த் தட்டினாலே சுத்தி விழுகிறது என்று வைரவனுக்குத் தெரிந்தது. கல்யாணக் கூட்டம். தோள் இடிக்கும், கை இடிக்கும்.

ஸ்டோர் பார்க்கிற கீழக்கரை கலீலுர் ரஹ்மான் பக்கத்தில் வந்து நின்றார்.

“தேஞ்சத திருப்பி ஒட்டவைக்க முடியாதா?”

“எப்படி பாய் முடியும்? போனது போனதுதான்.”

“அப்ப வாய மூடிக்கிட்டு தொடச்சுக் குடு. அர்பாப்கிட்ட இருக்குற பாஸ்போர்ட்ட வாங்கிட்டு நாளைக்கு ஃபிளைட் ஏறு. நீ பாட்டுக்கு எதையாச்சும் ஒளறி வைக்காத.”

வைரவன் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த லீவு. அவன் வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயசு. போனைக் காட்டி அப்பா என்கிறாள் என்று அவன் பெண்டாட்டி ஜோதிமணி போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல் கொடுத்துவிட்டால் என்ன? யார் கண்டது, ஒன்றுமே ஆகாமலும் போகலாம். ஆனால் ஆகிவிட்டால்? யாரோ பெற்ற பிள்ளை அங்கே நிற்குமே. அட பாவி, இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மதியத் தொழுகை முடிந்து அர்பாப் வந்தார். பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, அதன்மேல் இடதுகையை வைத்துக்கொண்டு வலதுகையை நீட்டினார்.

“கலாஸ்?” முடிந்ததா என்று கேட்டார்.

ரஹ்மான் கண்ணைக் காட்டினார், குடுத்துத் தொலை என்று.

வைரவன் ரிவால்வரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “மாஃபி ஜேன், அர்பாப்” என்றான், நன்றாக இல்லை என்று.

அர்பாப் சிரித்தார். நேற்று நன்றாக இருந்தது இன்றைக்கு எப்படிக் கெட்டுப்போகும் என்று இந்தியில் கேட்டார்.

“நாந்தான் கெடுத்தேன்” என்று தன் ஓட்டை இந்தியில் சொல்லிவிட்டு, வைரவன் சுத்தியை இழுத்து நிறுத்திப் பிடியைத் தட்டினான். டக்.

சிரிப்பு நின்றது. “என் வாப்பாவுடையது” என்றார் அர்பாப், மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் அவனை இன்னும் பயமுறுத்தியது. வலதுகையால் ரிவால்வரைப் பிடுங்கி, உருளையைத் திறந்து ஆறு ஓட்டைகளும் காலி என்று பார்த்துக்கொண்டார். சுத்தியைத் தானே இழுத்து நிறுத்தினார். கையை உள்பக்கமாக மடக்கி, பிடியைத் தானே மேஜையில் தட்டினார்.

டக்.

குனிந்து, குழல் எதைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்தார். அவருடைய வெள்ளைக் கந்தூரா அங்கியின் வயிற்றை. அவர் இன்னொரு தடவை சுத்தியை இழுத்து நிறுத்தினார். இடதுகை பாஸ்போர்ட்டின் மேலேயே இருந்தது; அதை வைரவன் பக்கம் தள்ளவும் இல்லை, பைக்குள் போடவும் இல்லை.