நாலு மணி வகுப்பு

நான்கு ஆண்கள் குனிந்து பியானோவுக்கு அடியில் கை கொடுத்திருந்தபோது ரேவதி அதன் மேல்பலகையில் ஓங்கித் தட்டினாள்.

"இத அசைக்கக் கூடாது. கைய எடுங்க."

ஐஸ் பெட்டி வாசலில் வந்து இறங்கியிருந்தது. வேங்கிக்கால் வாடகை வீட்டின் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. பாதியைப் பியானோவே அடைத்திருந்தது. அவள் கணவன் பிரகாஷின் சித்தப்பா புகழேந்தி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டிய எங்கம்மா வெக்கிறது? இத வெளிய தள்ளிட்டா உங்கம்மாவ கூடத்துல கிடத்தலாம். சாயங்காலம் வரைக்கும்தானே?"

"வெயில்ல பலகை வெடிச்சுடும் மாமா. அம்மா வெளிய இருக்கட்டும். அவங்களே சொல்லிட்டுத்தான் போனாங்க."

சொல்லியிருந்தாள். மூன்று நாளைக்கு முன், மூச்சுக்கு நடுவே. "செத்தாப் பிறகு வெயில் என்னை ஒண்டும் செய்யாது பிள்ளை. பியானோவைத்தான் செய்யும்."

விடியற்காலையில் போய்விட்ட தவமலரை அப்படித்தான் தெருவில், சாமியானாவுக்குக் கீழே கிடத்தினார்கள். வந்தவர்களெல்லாம் முதலில் பிணத்தைப் பார்த்தார்கள். பிறகு திறந்த கதவு வழியாக உள்ளே நின்ற பியானோவைப் பார்த்தார்கள். பிறகு ரேவதியைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

தொண்ணூறில் படகேறி வந்தவள் தவமலர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். முகாமில் சில வருஷம், பிறகு இந்தத் திருவண்ணாமலை. யார் எதைக் கேட்டாலும் ஆமாமுக்குப் பதில் 'ஓம்' என்பாள். காய்கறிக்காரர் அவளைப் பெரிய சிவபக்தை என்றே நெடுநாள் நினைத்திருந்தார். சென்னையில் மூடப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பியானோவை வாங்கி, லாரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். கலெக்டர் ஆபீஸ்காரர் பிள்ளையோ பூக்கட்டுகிறவள் பிள்ளையோ, யார் வந்தாலும் முதலில் நகத்தை வெட்டிவிட்டுத்தான் கட்டையைத் தொட விடுவாள்.

வகுப்பை மட்டும் ஒருநாளும் நிறுத்தியதில்லை. கார்த்திகை தீபத்தன்று பஸ்ஸை ஊருக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். புருஷனுடைய பதினாறாம் நாள் காரியத்தன்றும் எடுத்தாள். பின்கட்டில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்க, கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக வாசித்தது. அப்போது ரேவதிக்குப் பதினாலு வயது. அதுவரை அம்மாவிடம் வாசிக்கக் கற்றவள், அன்றிலிருந்து பியானோ முன் நாற்காலி போட்டு உட்காரவில்லை. வா என்று தவமலரும் கூப்பிடவில்லை. பதினெட்டு வருஷம்.

மத்தியானம் ஃபிளெக்ஸ் கடையிலிருந்து போன் வந்தது. புகழேந்தி போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"பேருக்குக் கீழ இன்னா போடறது? சிலோனு, அகதின்னுலாம் எதுக்கு? ரேவதியின் தாயார்னு போட்டா போதும்ல?"

"பியானோ டீச்சர்னு போடச் சொல்லுங்க. யாழ்ப்பாணம்னு போடச் சொல்லுங்க. பக்கத்துலயே திருவண்ணாமலைன்னும் போடச் சொல்லுங்க."

"எதுனா ஒரு ஊருதான் போடுவாங்க."

"எங்கம்மாவுக்கு ரெண்டு ஊரு. எடம் பத்தலைன்னா என் பேர எடுத்துடச் சொல்லுங்க."

நாலு மணிக்கு, அந்த நேர வகுப்பில் தவமலரிடம் படிக்கும் சிந்துஜா வந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், கையில் மாலை. அழுது முகம் வீங்கியிருந்தது. மாலையைப் போட்டுவிட்டுப் போகாமல் ரேவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல மெட்ராஸ்ல பியானோ கிரேடு எக்ஸாம். போகலைன்னு சொல்லிடப் போறேன்."

"எந்த எடம் வரல?"

"மூணாவது பீஸ். டீச்சர் இன்னிக்குப் பாக்கறேன்னாங்க."

"உள்ள வா."

புகழேந்தி எழுந்துவிட்டார். "இன்னாம்மா பண்ற? பொணத்த தெருவுல போட்டுட்டு உள்ள பாட்டு கிளாஸா? நாலு பேரு காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். டீச்சர் செத்துட்டாங்கன்னு நாளைக்கு அங்க யாரும் இவளுக்கு மார்க்கு போட மாட்டாங்க மாமா. தெருவுல இருக்கறது என் அம்மா. இது அவங்க கிளாஸு. நீங்க நிறுத்தறதுன்னா என்னைத் தாண்டி வாங்க."

பிரகாஷ் சித்தப்பாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்தான்.

சிந்துஜா பியானோ முன் உட்கார்ந்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவதில் தடுக்கியது. நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடம்.

ரேவதி சற்று நேரம் சுவரோரம் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடது கைல நாலாவது விரலு லேட்டா வருது. தனியா வாசி." தன் இடது கையைக் கட்டைகளின் மேல் வைத்தாள். விரல்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தன. "இப்படி. அவசரப்படாத."

வாசித்தார்கள். ஒரு கை, பிறகு மறு கை. ஆறு தரம் தவறியது. வெளியே பேச்சு குறைந்து, பெண்கள் சிலர் கதவோரம் வந்து நின்றார்கள்.

தெருமுனையில் அமரர் ஊர்தி திரும்பி, பின்னோக்கி வந்து சாமியானாவை ஒட்டி நின்றது. என்ஜின் உறுமலில் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. சிந்துஜாவின் கை நின்றது. ரேவதி திரும்பாமல் சொன்னாள்.

"நீ வாசி."

புகழேந்தி எழுந்து போவது அவளுக்குக் கேட்டது. செருப்பு தேய்த்து வண்டி வரைக்கும் போனார். கதவைத் தட்டினார்.

"யோவ், வண்டிய ஆஃப் பண்ணு. உள்ள வாசிக்கறது ஒண்ணும் கேக்கல, ரொம்ப சத்தமா கீது."

என்ஜின் நின்றது. டிரைவர் கீழே இறங்கி, வண்டியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிந்துஜா முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.